நாவல் மரத்துக்கு வந்த அம்மாள்

ஊரின் பெயரை எழுதமாட்டேன். மண்முனைப் பாலம் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் போனால் வருகிற ஊர்களில் ஒன்று, அவ்வளவு போதும். சீனிப்பிள்ளையின் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "என்ட பேரை என்னத்துக்கு மறைக்கணும்? பிழை செஞ்சது நானா?" என்றார். பிழை செய்தவன் நான். என் பெயர் சுபாகரன், வீடு நாவற்குடாவில். வேலை விவசாயப் போதனாசிரியர். ஊர்ச்சனம் ஏ.ஐ. என்று சொல்லும். ஐந்து வருடமாக அந்தப் பக்கத்து வயல் வட்டைகளுக்கும் தோட்டங்களுக்கும் நான்தான் பொறுப்பு.

சீனியக்காவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. வாகரைப் பக்கம் பிறந்தவர். தகப்பன் மாரியில் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்வார், மற்ற நாளெல்லாம் கடலுக்குப் போவார். கலியாணம் முடித்துப் படுவான்கரைக்கு வந்த புதிதில், கடல் இல்லாத ஊரில் மனுசர் என்னத்தைச் சாப்பிடுவது என்று புருசனோடு பெரிய சண்டையாம். அந்தப் புருசனை வட்டையில் வேளாண்மைக் காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்துவிட்டது. மகள் நிலக்சிக்கு அப்போது ஏழு வயது. தாய்வீட்டுக்குத் திரும்பி வா என்று அண்ணன்மார் கூப்பிட்டார்கள். போகவில்லை. வளவு மூலையில் நின்ற நாவல் மரத்தைக் காட்டி, இதைத் தூக்கிக்கொண்டு வர ஏலுமென்றால் வாறேன் என்றாராம்.

மரம் அப்படிப்பட்டது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். ஆடி ஆவணியில் காய்த்துக் கொட்டும். மற்றவர்களின் நாவல்பழம் மண்ணில் விழுந்து நசிந்து கிடக்கும். சீனியக்காவின் பழத்தில் ஒரு மண் துணிக்கையும் இராது. காரணம் வலை. வாகரையிலிருந்து அண்ணன்மாரின் பழைய மீன்வலைகளைக் கொண்டுவந்து கொப்புகளுக்குக் கீழே தொய்யக் கட்டியிருப்பார். விடிய எழும்பிப் பார்த்தால் வலை நிறையப் பழம். "மரத்துக்கு வலை போட்டு மீன் புடிக்கிறவள் நான்" என்று சொல்லிச் சிரிப்பார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் உப்புத்தூள் தூவி விற்பார். நிலக்சி ஏ.எல். வரைக்கும் படித்தது அந்த மரத்தால்தான்.

களவாகப் பழம் பிடுங்கும் பள்ளிப்பிள்ளைகளை அவர் துரத்தமாட்டார். வழியில் மறித்து "நாக்கை நீட்டு" என்பார். நாக்கு ஊதாவாக இருக்கும், வேறு சாட்சி தேவையில்லை. நான் வேலைக்கு வந்த முதல் வருடம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வலையிலிருந்து நாலு பழம் எடுத்துத் தின்றுவிட்டு ஒன்றும் அறியாதவன்போல் அவர் வாசலில் நின்றேன். "ஏ.ஐ. தம்பி, நாக்கை நீட்டுங்க பாப்பம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் சீனியக்கா.

இனி என் கதை வருகிறது.

அந்த ஊரில் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. வருடத்தில் ஒருமுறை வைகாசியில்தான் கதவு திறக்கும். கதவு திறந்த நாள் தொடங்கி, அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை, ஊரில் மீன் சமைக்க மாட்டார்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். உடம்பில் கொப்புளம் போடும் அம்மை நோய்க்கு இங்கே அம்மாள் என்றுதான் பெயர். கண்ணகி அம்மனே வந்து உடம்பில் இறங்குகிறார் என்பது நம்பிக்கை. சூடு கிளம்பும் எதையும் அவர் பொறுக்கமாட்டார்.

மூன்று வருடத்துக்கு முந்தி, குளிர்த்தி முடிந்து ஒரு மாதத்தில், கோயிலின் வண்ணக்கர் கனகசூரியம் எனக்குப் போன் எடுத்தார். வண்ணக்கர் என்றால் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர். "தம்பி, சீனிப்பிள்ளையின்ட நாவலை ஒருக்கா வந்து பாருங்க. இலையெல்லாம் ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார்.

போனேன். மரத்தடியில் பாதி ஊர் நின்றது. இலை ஒவ்வொன்றிலும் கொப்புளம். சில இலைகளில் பத்து, சில இலைகளில் இடமே இல்லை. கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் வேப்பங்குழையைக் கையில் வைத்துக்கொண்டு, "மரத்துக்கு அம்மாள் வந்திரிக்கா" என்றார். சனம் கும்பிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. படித்தவன் என்ற கோபம். இலைக்கு அம்மை வருமா, இவர்களுக்கு நான் என்னத்தைப் படிப்பித்தேன் என்று உள்ளுக்குள் கொதித்தேன். முந்தின கிழமைதான் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். அங்கே திரையில் காட்டிய நூறு படங்களில் ஒன்றில் கொப்புளம் போட்ட இலையொன்று இருந்தது. கெதியாகப் பரவும் நோய் என்று சொன்னதும் நினைவில் இருந்தது. அந்தப் படத்தில் இருந்தது மா இலை, என் கையில் இருந்தது நாவல் இலை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

இலையைத் தடவினேன். வெளிச்சத்துக்குப் பிடித்தேன். எல்லாரும் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பினேன். ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்திருந்தால் போதும். அதைச் செய்யவில்லை. "இது அம்மாளும் இல்ல, ஒண்டும் இல்ல. இது தொற்று நோய். காத்தில பரவும். இந்த மரம் நிண்டால் ஊரில உள்ள மாமரம் ஒண்டும் மிஞ்சாது" என்றேன்.

அந்த ஊரில் மாமரம் இல்லாத வளவு இல்லை. சனம் சீனியக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, வருத்தம் வந்த கொப்பை மட்டும் வெட்டினாக் காணாதா?"

"காணாது அக்கா. அடியோட வெட்டணும்."

என் குரல் அன்று எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மரத்தை வெட்டச் சொல்லும் கடிதமும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வாள் மெசின் வந்தது. மரத்தில் பச்சைக்காய் குலைகுலையாகப் பிடித்திருந்த நேரம். மரம் சரிந்தபோது காய்கள் வளவெல்லாம் உருண்டன. சீனியக்கா அழவில்லை. வெட்டுவதற்கு முன்பே வலைகளை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார்.

இலை நாலைந்தைப் பொலித்தீன் பையில் போட்டு என் மேசை லாச்சியில் வைத்தேன். என் கெட்டித்தனத்துக்குச் சாட்சியாக வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பயிர்ச் சிகிச்சை முகாம் ஒன்றுக்காக றுக்ஷானா எங்கள் கந்தோருக்கு வந்தார். பூச்சிகளைப் பற்றி மேற்படிப்புப் படித்தவர், ஏறாவூர்ப் பக்கம். பேனை தேடி லாச்சியைத் திறந்தவர் பையைக் கண்டார். காய்ந்துபோன இலையை எடுத்து, சட்டைக் கையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, ஒரு கொப்புளத்தைப் பிளந்து காட்டினார். உள்ளே பொட்டளவில் ஏதோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது ஒரு பூச்சியின்ட குஞ்சு. உள்ளுக்க இருந்துகொண்டு இலையின்ட சாறை உறிஞ்சும். இலை அதைச் சுத்தி வீங்கி வீடு கட்டிக் குடுக்கும். நாவலுக்கு மட்டும்தான் வரும்."

"மாமரத்துக்கு?" என்றேன்.

"கிட்டயும் போகாது. நாவலுக்கும் ஒரு கேடும் இல்ல. பழைய இலை கொட்டினாச் சரி. இது உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும்" என்றேன்.

எந்த மரத்து இலை என்று கேட்டார். வழியில் நின்ற ஒரு மரம் என்றேன்.

அன்று பின்னேரமே பாலம் கடந்து போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அதில் பொய் இல்லை. சீனியக்கா வாசலுக்கு ஓடிவந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "நீங்க சொன்னதால ஊர்ச் சனத்தின்ட மாமரம் தப்பிச்சு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

நிலக்சி அப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. கோயில் கதவு திறந்திருந்த நாளில்தான் அவளுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. ஹோட்டல் சோற்றைத் தின்று வாய் செத்துப்போச்சு, ஓட்டி மீன் பொரித்துத் தா என்று கேட்டிருக்கிறாள். கடற்கரைக்காரியின் மகள். சீனியக்காவும் கதவைச் சாத்திவிட்டுச் சின்னச் சட்டியில் நாலே நாலு மீன் பொரித்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் மரத்தில் கொப்புளம். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஊரும் என் சொல்லையும் கட்டாடியாரின் சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நோய்தான், ஆனால் அம்மாள் அனுப்பிய நோய். யார் வீட்டுக் குற்றம் என்று கட்டாடியார் கேட்டபோது சீனியக்கா கோயில் முன்றலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மாளுக்காக இருபத்தொரு வீட்டு வாசலில் நின்று, சேலைத் தலைப்பை ஏந்தி மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியைக் கோயிலில் கொடுத்தார்.

"புள்ளையிட்டயும் சொல்லிப்போட்டன்" என்றார். "உனக்குப் பொரிச்ச மீனாலதான் மரம் போச்சு எண்டு. கோவத்தில வாயில வந்திட்டு. அண்டையில இருந்து அவள் இஞ்சால வாறல்ல."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம். சொன்னால் மரம் சும்மா போனது என்று ஆகும். சொன்னவன் யார் என்று ஊர் கேட்கும். கடிதத்தில் என் கையெழுத்து. சீனியக்கா என் முகத்தைப் பார்த்து, "அம்மாள்தானே தம்பி இது?" என்று கேட்டார்.

"அம்மாள்ட விசயத்தில நாம என்னத்தைச் சொல்றது அக்கா" என்றேன்.

இரண்டு மாதத்துக்கு முந்தி அதே சனத்துக்கு முன்னால் அம்மாளும் இல்லை ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்ன வாய். அந்த அம்மாளுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டேன். நல்லவேளை, அவர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் விவசாயிகள் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊர் மாமரங்களைக் காப்பாற்றியதற்காக. கனகசூரியம் மைக்கில் என்னைப் புகழ்ந்தார். மாலை போடச் சீனியக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் எட்டிப் போடுவதற்காக நான் குனிந்தேன். சனம் அதைப் பணிவு என்று நினைத்துக் கைதட்டியது. எனக்கு நிமிர முடியவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு மூன்று வருடம். சீனியக்கா வட்டையில் களை பிடுங்கப் போனார். பழக்காலத்தில் எங்கோ தூரத்து ஊரில் பழம் வாங்கிவந்து விற்றுப் பார்த்தார். அந்தப் பழத்தில் மண் இருந்தது. வாங்கிப் பழகினவர்கள் முகம் சுளித்தார்கள், விட்டுவிட்டார். நிலக்சி கல்குடாவில் கலியாணம் முடித்தாள். சீனியக்கா விடியப் போய்ப் பின்னேரமே திரும்பிவிட்டார், பந்தியில் இருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அந்த வீட்டு வழியால் போவதை நிறுத்தினேன். சுற்றுவழி இரண்டு கிலோமீற்றர் கூட. அதை எரிபொருட் கணக்கில் கள ஆய்வு என்று எழுதினேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சீனியக்கா என் கந்தோருக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் வராதவர். கடதாசியில் சுற்றி வைத்திருந்ததை மேசையில் விரித்தார். நாவல் இலைகள், இளசு. இலை முழுக்கக் கொப்புளம்.

"அடிக்கட்டை தழைச்சு ஆள் உயரம் வந்திட்டு தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்லாம வேலி அடைச்சு வளத்தன். இப்ப திருப்பியும் வந்திரிக்கி." குரல் இறங்கியது. "நிலக்சி வரவும் இல்ல. மூண்டு குளிர்த்திக்கும் நான் உப்புப் போட்டுக்கூடச் சாப்பிடல்ல. இனி நான் என்ன பிழை விட்டன்? அதை மட்டும் சொல்லுங்க."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கந்தோரில் வேறு நாலு பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டேன். மேசையிலிருந்த ஊசியை எடுத்து ஒரு கொப்புளத்தைப் பிளந்தேன். இந்த முறை இலை பச்சை, பூச்சிக்கு உயிர் இருந்தது. மஞ்சளாக, தட்டையாக, வெளிச்சம் பட்டதும் மெல்ல அசைந்தது.

"இதுதான் அக்கா. பூச்சி. சாறு குடிக்கிற பூச்சி. நாவலுக்கு மட்டும் வரும். மரத்துக்கு ஒண்டும் செய்யாது. நீங்க ஒரு பிழையும் விடல்ல. அண்டைக்கும் விடல்ல. வெட்டத் தேவையே இல்லாத மரத்தை நான் வெட்டுவிச்சன்."

அவர் குனிந்து பூச்சியை நெடுநேரம் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மரம் வெட்டி ரெண்டு மாசத்தில."

"அண்டைக்கு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனீங்களே. அப்ப தெரியுமா?"

"ஓம் அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தன்."

"வீட்டில அண்டைக்குச் சீனி இல்ல" என்றார். "பக்கத்து வீட்டில கேட்டு வாங்கி ஊத்தித் தந்தன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அதை மறுகா பாப்பம்" என்று சொல்லி இலைகளைத் திரும்பவும் கடதாசியில் சுற்றினார். எழும்பி நின்றுகொண்டு சொன்னார்:

"நான் மடிப்பிச்சை எடுத்த வாசல் இருபத்தொண்டு. அந்த இருபத்தொரு வாசலிலயும் நீங்க நிண்டு இதைச் சொல்லணும். கூட்டம் வச்சு மைக்கில சொல்ற வேல வேணாம். நான் வாசல் வாசலா நிண்டன். நீங்களும் நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். சீனியக்கா முன்னால் நடந்தார், நான் பின்னால். முதல் வாசல் கனகசூரியம் வீடு. கேட்டுவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "போனது போனதுதானே தம்பி. இதை ஏன் இப்ப கிண்டுறீங்க? பொன்னாடை போத்தினது நான். எனக்குமல்லவா வெக்கக்கேடு" என்றார். அடுத்த வாசலுக்குப் போனோம்.

எட்டாவது வீட்டுப் பெண் தூரத்தில் எங்களைக் கண்டதுமே உள்ளே போய்ச் சுளகில் அரிசி கொண்டுவந்தாள். வாசலில் சீனியக்கா, பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு ஆள். அவள் வேறு என்ன நினைப்பாள்? "இண்டைக்கு அரிசி வேணாம் புள்ள. இவர் ஒரு கதை சொல்ல வந்திரிக்கார், நிண்டு கேளு" என்றார் சீனியக்கா. அவள் சுளகைப் பிடித்தபடியே கடைசிவரை கேட்டாள். அரிசியோடு உள்ளே திரும்பிப் போனாள்.

கட்டாடியார் கதையைக் கேட்டுச் சிரித்தார். "சரி, பூச்சி எண்டே வச்சுக்கொள்ளுவம். பூச்சியை அனுப்பினது ஆரு?" என்றார். அவர் அறியாமலே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். தலையாட்டிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். முன்பு ஒளித்த இடம், பழகின இடம். சீனியக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆரு அனுப்பினாலும் ஐயா, மரத்தை வெட்டச் சொன்னது நான்" என்றேன்.

இருபத்தொரு வாசலும் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். இரண்டு வீட்டில் மோர் தந்தார்கள், ஒரு வீட்டில் மாங்காய் கட்டித் தந்தார்கள். அந்த மாங்காயைச் சுமந்துகொண்டு சீனியக்காவின் வளவுக்கு வந்தேன். வேலிக்குள்ளே அடிக்கட்டையைச் சுற்றி ஏழெட்டுத் தண்டு தழைத்து நின்றது. பக்கத்தில் ஒரு தடியில் பழைய வலை காயப் போட்டிருந்தது.

"இன்னும் ஒரு வாசல் இரிக்கி" என்று சொல்லி ஒரு நம்பரைச் சொன்னார். பார்க்காமல் சொன்னார். எண்களை அழுத்தினேன்.

நிலக்சி எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், இருபத்தொரு தரம் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது.

"அப்ப அது நான் இல்லையா சேர்?" என்றாள்.

"இல்ல தங்கச்சி. அது நான்."

பிறகு மெதுவாக, "மூண்டு வருசமா என்ட வீட்டில நான் மீன் பொரிக்கிறல்ல சேர்" என்றாள். "அவர் கேப்பார். மணம் பிடிக்கல்ல, வயித்தப் பிரட்டிச் சத்தி வரும் எண்டு பொய் சொல்லுவன்." தாய் பக்கத்தில் நிற்கிறாவா என்று கேட்டாள்.

போனைக் கொடுத்துவிட்டு வளவுக்கு வெளியே வந்து ரோட்டில் நின்றேன். சீனியக்கா அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம் போய்க் குந்திக்கொண்டு கதைத்தார். என்ன கதைத்தார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கும் உரிமையும் இல்லை. வெயில் சரிந்த பிறகுதான் எழும்பி வந்தார். போனைச் சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் தந்தார்.

"சனிக்கிழமை வாறாளாம்" என்றார். "ஓட்டி மீன் வாங்கணும்."

நான் தலையாட்டினேன். சனிக்கிழமை பாலத்தடிச் சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து நானே வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி" என்றார். "சனிக்கிழமை நீங்க இந்தப் பக்கம் வராதீங்க."